திருடன் பையில் மருந்து

கே: பயிரைக் கொல்லும் பூஞ்சையிடமா மருந்து தேடுகிறார்கள்? திருடன் கையில் சாவி கொடுத்த கதைதானே?

ப: சாவி கொடுக்கவில்லை, அவன் பையைச் சோதிக்கிறார்கள்! வாடிய பருத்தித் தண்டைப் பிளந்தால் பழுப்புக் கோடுகள் தெரியும். அது வெர்டிசிலியம் பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். தனக்குப் போட்டியாக இருக்கும் பாக்டீரியாக்களை ஒடுக்க அது ஒரு புரதத்தைச் சுரக்கிறது. 2020-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையில் வெளிவந்த உண்மை இது. அந்தப் புரதத்தின் மரபணுவே செடிகளிடமிருந்து வந்தது என்று கருதுகிறார்கள். திருட்டு ஆயுதம்!

கே: அழுகலிலிருந்து நல்லது வந்ததுண்டா?

ப: 1943-ல் அமெரிக்காவின் பியோரியா நகரில் பூசணம் பூத்த ஒரு முலாம்பழம் கிடைத்தது. அதிலிருந்த பெனிசிலியம் பூஞ்சையின் வழித்தோன்றல்கள்தான் பெனிசிலின் உற்பத்தியைப் பெருக்கின. அழுகிய பழம் எத்தனை உயிரைக் காத்தது!

கே: அப்படியானால் எல்லாப் பூஞ்சையும் மருந்துதானா?

ப: ஆப்பிளை அழுகவைக்கும் பூஞ்சை தரும் பாட்டுலினும் பாக்டீரியாவைக் கொல்லும். 1940களில் அதைச் சளிக்கு மருந்தாகச் சோதித்தார்கள், பலிக்கவில்லை. இன்று ஆப்பிள் சாற்றில் அதை நஞ்சென்று தேடிப் பிடிக்கிறார்கள். கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது, நோயாளியை விட்டுவைக்கவும் வேண்டும். பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் அசையாமல் நிற்கும் இந்நாளில், இந்தத் தேடலை நிறுத்தவே கூடாது.