பையை மட்டும் கொடுக்க மாட்டேன்

என் உயிரை எந்த விமான நிறுவனத்திடமும் தயங்காமல் ஒப்படைப்பேன். என் பையை ஒப்படைக்க மாட்டேன்.

கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் கணக்கு சரிதான். ஏறியதிலிருந்து இறங்கும்வரை அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் என் உயிருக்கு அவர்கள் பொறுப்பு. மறுநாள் காலை 13,000 அடி உயரத்தில், ஒரு சின்ன விமானத்தின் திறந்த கதவு வழியாக நான் வெளியே குதிக்கும்போது அந்த உயிருக்குப் பைதான் பொறுப்பு. "பை வேறு ஊருக்குப் போய்விட்டது சார், நாளை மறுநாள் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம்" என்று அந்த நேரத்தில் யார் சமாதானம் சொன்னாலும் ஏறாது.

பைக்குள் இருப்பது பாராசூட். ஒன்றல்ல, இரண்டு. வழக்கமாக விரிப்பது மெயின். அது காலை வாரினால் விரிப்பதற்கு ரிசர்வ். இரண்டையும் மடித்து அடைத்து, தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பட்டைகளோடு சேர்த்துத் தைத்த மொத்தத்துக்கும் ரிக் என்று பெயர். பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். புதிதாக வாங்கினால் ஆகிற செலவில் ஊரில் ஒரு சின்னக் கார் வாங்கலாம் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் பனி கொட்டத் தொடங்கியதும் இந்த மூட்டையைச் சுமந்துகொண்டு நான் அரிசோனாவுக்குப் பறப்பேன். ஃபீனிக்ஸில் இறங்கி ஒரு மணி நேரம் காரில் போனால் ஈலாய். பாலைவனத்தின் நடுவே, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குதிக்கும் ஊர்.

அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை நடத்தும் டி.எஸ்.ஏ.வின் விதி தெளிவானது. பாராசூட்டைக் கையிலும் கொண்டுபோகலாம், செக்-இன்னிலும் போடலாம். ஆனால் பையைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தால் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் பாராசூட் விமானம் ஏறாது. அதனால் வழக்கமான நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடுங்கள் என்று அவர்களே அறிவுரையும் சொல்கிறார்கள். விதியைப் பார்த்தால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் போலத்தான் தெரியும். எக்ஸ்ரே திரையைப் பார்க்காதவரை.

அந்தத் திரையில் என் பையைப் பார்த்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வரும். காரணம், ரிசர்வோடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கும் சைப்ரஸ் என்ற குட்டிக் கருவி. ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காற்றழுத்தத்தை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். தரைக்கு ஏறக்குறைய 225 மீட்டர் மேலே வந்த பிறகும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நான் விழுந்துகொண்டிருந்தால், 'இந்த ஆளை நம்பிப் பயனில்லை' என்று முடிவுகட்டி, ரிசர்வை மூடி வைத்திருக்கும் மெல்லிய கயிற்றைத் தானே அறுத்துவிடும். அறுக்கும் பிளேடைத் தள்ளுவதற்குத் துளியூண்டு வெடிமருந்து. ஆக, திரையில் தெரிவது: பேட்டரி, சர்க்யூட், வயர், வயரின் முனையில் ஓர் உலோக உருளை. தமிழ் சினிமாவில் கதாநாயகன் 'சிவப்பு வயரா, பச்சை வயரா' என்று வேர்த்து விறுவிறுத்து நிற்பானே, கிட்டத்தட்ட அந்தப் பெட்டிதான். ஓடும் கடிகாரம் ஒன்றுதான் பாக்கி. இந்தச் சங்கடம் தெரிந்துதான் ஏர்டெக்காரர்கள் எக்ஸ்ரேயில் கருவி எப்படித் தெரியும் என்று படம் போட்டு ஓர் அட்டையே கொடுக்கிறார்கள். போர்டிங் பாஸை மறந்தாலும் அட்டையை மறக்க மாட்டேன்.

பெல்ட் நிற்கும். அதிகாரி அம்மையார் என்னை ஓரமாகக் கூப்பிடுவார்.

"இது என்ன?"

"பாராசூட்."

"எதற்கு?"

"குதிப்பதற்கு."

இந்த இடத்தில் நாக்கு துடிக்கும். "இந்த விமானத்திலிருந்து இல்லை" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அவருக்கு நிம்மதியாக இருக்குமே என்று தோன்றும். சேர்க்கவே கூடாது. அதுவரை அவருக்கு அப்படி ஒரு யோசனையே வந்திருக்காது.

அடுத்தது கைப்பிடிகள். நெஞ்சுப் பட்டையின் வலப்பக்கம் சிவப்பாக ஒன்று. கோளாறான மெயினை வெட்டிவிடுவதற்கு. இடப்பக்கம் பளபளவென்று வெள்ளிவளையம் மாதிரி ஒன்று, ரிசர்வை விரிப்பதற்கு. பார்த்த கைக்கு இழுத்துப் பார்க்கத் தோன்றும் அழகு இந்த இரண்டாவதற்கு உண்டு. இழுத்தால், சுருள்வில்லோடு அமுக்கி வைத்திருக்கும் குட்டிப் பாராசூட் சோதனை மேஜையிலிருந்து துள்ளி எழும். அதைத் திரும்ப உள்ளே வைக்க எனக்கே உரிமை கிடையாது. 180 நாளுக்கு ஒருமுறை ரிசர்வைப் பிரித்துப் பார்த்து, மடித்து, நூல் கட்டி முத்திரை வைப்பதற்கென்றே உரிமம் பெற்ற ரிக்கர்கள் இருக்கிறார்கள். முத்திரை உடைந்தால் வார இறுதியும் உடைந்தது. ஆகவே கையுறை போட்ட அந்த விரல் வெள்ளிவளையத்தை நோக்கி நகரும்போது, "மேடம், அதை மட்டும்..." என்று என் குரல் தானாகக் குழையும். ஆகாயத்தில் கதவு திறக்கும்போதுகூட அவ்வளவு பயந்ததில்லை. அவர் சிரித்துவிட்டு, துணி ஒற்றி வெடிமருந்துத் தடயம் பார்த்து, "எனக்கும் ஒருநாள் குதிக்கணும்" என்று சொல்லி அனுப்பிவைப்பார்.

இத்தனை சந்தேகத்துக்கும் ஒரு மூலபுருஷன் உண்டு. 1971 நவம்பர் 24 அன்று போர்ட்லண்டிலிருந்து சியாட்டிலுக்கு 'டான் கூப்பர்' என்ற பெயரில் டிக்கெட் எடுத்து ஏறிய ஆசாமி. பெட்டியில் வெடிகுண்டு இருப்பதாகச் சொல்லி இரண்டு லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டும் வாங்கிக்கொண்டார். பயணிகளை சியாட்டிலில் இறக்கிவிட்டு, மறுபடி கிளம்பிய போயிங் 727-இன் பின்படிக்கட்டு வழியாக இரவில் குதித்தார். இன்றுவரை ஆள் அகப்படவில்லை. 1980-இல் கொலம்பியா ஆற்றங்கரையில் ஒரு சிறுவன் கையில் 5,800 டாலர் கிடைத்ததோடு சரி. இதில் என் ஆதங்கம் ஒன்றுதான். ஏறும்போது அவர் கையில் இருந்தது பெட்டி, பாராசூட் இல்லை. நியாயப்படி உலகம் சந்தேகப்பட வேண்டியது பெட்டிக்காரர்களை. போதாக்குறைக்கு, கொடுத்த ரிசர்வ்களில் ஒன்று பயிற்சிக்காக விரியாதபடி தைத்து வைத்தது. அதைக் கவனிக்காமல் அதையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் கூட்டத்தில் அவரைக் கொள்ளைக்காரர் என்பதற்காக மன்னித்தாலும் மன்னிப்பார்கள். ரிசர்வைச் சரிபார்க்காததற்கு மன்னிக்க மாட்டார்கள்.

கேட்டில் இன்னொரு தடை. "பை பெரிதாக இருக்கிறது, கீழே போட்டுவிடலாமா?" என்றார் ஒரு பெண். "உயிர் காக்கும் சாதனம்" என்றேன். ஏதோ மருத்துவக் கருவி என்று நினைத்திருக்க வேண்டும். முகத்தில் அப்படி ஓர் இரக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உள்ளே விட்டார்.

இருக்கையில் உட்கார்ந்து அம்மாவிடம் போனில், "ஏறிட்டேம்மா, பெல்ட்டும் போட்டாச்சு" என்று சொல்லி வைத்ததுமே பக்கத்து இருக்கைக்காரர் திரும்பினார். மதுரைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஃபீனிக்ஸில் மகள் வீட்டுக்குப் போகிறார்.

"தம்பி, மேல வச்சீங்களே, அது என்ன பையி? பச்சப்புள்ளையக் கெடத்துற மாதிரி வச்சீங்க?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த ஃபிளைட்டப் பத்தி எங்களுக்குத் தெரியாதது ஏதாச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

தைரியம் சொன்னேன். விடவில்லை. "அப்ப எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தா என்ன? டிக்கெட்லயே காச வாங்கிக்கிறட்டுமே."

இந்தக் கேள்வி எல்லாப் பயணத்திலும் வரும். இந்த உயரத்தில் பறக்கும்போது கதவைத் திறக்கவே முடியாது சார். உள்ளேயிருக்கும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கு மேல் அழுத்திப் பிடித்திருக்கிறது. திறந்தாலும் 35,000 அடியில் குளிர் மைனஸ் ஐம்பதுக்கும் கீழே. ஒரு நிமிஷத்துக்குள் நினைவு தப்பிவிடும். விபத்தெல்லாம் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நடக்கிறது. அங்கே பாராசூட் விரிய உயரமே கிடையாது. இந்த விமானத்தில் என் பாராசூட்டால் எனக்கே ஒரு பிரயோஜனமும் இல்லை.

"அப்ப அதத் தலைமாட்டுல வச்சுக் காவல் காக்குறது எதுக்கு?"

நாளைக்கு, என்றேன். அவர் பார்வை என் மணிக்கட்டுக்கு வந்தது. ஆல்டிமீட்டரைக் கட்டியிருந்தேன். முள் ஏழாயிரத்தில் நின்றது.

"கேப்டன் முப்பத்தஞ்சாயிரம்னாரு. ஒங்க கை ஏழாயிரம்ங்குது. யாரு சொல்றது பொய்?"

இரண்டுமே உண்மை சார், அது அளப்பது கேபினுக்குள் இருக்கும் காற்றை. நாம் மூச்சுவிடுவதற்காக எட்டாயிரம் அடிக்கு மேல் போகாத அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள் என்றேன். பேங்கில் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர்களையெல்லாம் பிடித்துக் கொடுத்திருப்பாரோ என்னவோ, அவர் முகம் தெளியவில்லை.

விமானம் தாழத் தொடங்கியதும் கைப்பிடியை நான் இறுகப் பிடித்ததைக் கவனித்துவிட்டார். குதிக்கிறவனுக்கு இதற்கு என்ன பயம் என்று கேட்டார். விமானத்தோடு சேர்ந்து தரையிறங்கி எனக்கு அவ்வளவு பழக்கமில்லை என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

ஃபீனிக்ஸில் ரிக்கை முதுகில் மாட்டிக்கொண்டு, அவர் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கூடவே நின்றேன். பெல்ட் சுற்றியது. ஒவ்வொருவராகப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் யாரும் தொடாத ஒரு குழந்தை நாற்காலி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. மகளுக்காக மனைவி கட்டிக்கொடுத்த முறுக்கும் பருப்புப் பொடியும் வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டிருந்தன. கவுன்ட்டரில் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் என் பையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாராசூட்டு குடுக்காட்டிப் போகட்டும் தம்பி. பொட்டியையாச்சும் குடுக்கச் சொல்லுங்க."