டில்லி வண்டி

நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு டீசல் எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பது, கும்பகோணத்தில் பிறந்துவிட்டு வெற்றிலை போடத் தெரியாமல் இருப்பதைப் போன்றது. லாரிக்குப் பாடி கட்டுகிறவர், பட்டை வேலை பார்க்கிறவர், பழைய டயருக்குப் புதுத் தோல் போடுகிறவர் என்று இங்கே தடுக்கி விழுந்தால்கூட ஒரு நிபுணர் மேல்தான் விழ வேண்டும். எங்கள் தெரு டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, ரோட்டில் போகிற லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு நாசில் போச்சு" என்பார். நான் தமிழ் வாத்தியார். நாசில் என்ற சொல் நாசியிலிருந்து வந்திருக்குமோ என்று யோசிக்கிற ஆள்.

போதாததற்கு, என் மாமனார் முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். வண்டி வாங்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாப்பிள்ளை கெத்து என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் குலதெய்வம் கொல்லிமலையில். ஒவ்வொரு தடவையும் வாடகை வேனுக்குக் கொடுக்கிற பணத்தைக் கூட்டிப் பார்த்து, சொந்தமாக ஒரு வண்டி, அதுவும் டீசல் வண்டி, வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். டீசல் மேல் எனக்குப் பழைய மோகம். 2012 வாக்கில் பெட்ரோலைவிட லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் மலிவாக இருந்ததே, அந்தக் கணக்கு மனசில் அப்படியே தங்கிவிட்டது. 2014 அக்டோபரில் அரசு டீசல் விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டதும், இப்போது வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம் என்பதும் பேப்பரில் வந்திருக்கும். நான் ஞாயிறு மலர் மட்டும் படிக்கிறவன்.

புரோக்கர் காட்டியது டில்லி வண்டி. அங்கே பத்து வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்ய, கட்டாய ஓய்வு கொடுக்கப்பட்ட வண்டிகள் பல தெற்கே வந்து இறங்கின. அதில் ஒன்று இது. கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு கம்பெனி மேல் இல்லை. பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட், எட்டுப் பேர் தாராளம். விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

நாங்கள் போனபோதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "வெயில்ல வர்றீங்க, ஏசி போட்டு வெச்சிருக்கேனுங்க" என்றார் புரோக்கர். என்ன விருந்தோம்பல் என்று நெகிழ்ந்துபோனேன். டயரை ஒரு உதை உதைத்தேன். சினிமாவில் உதைப்பார்கள். கதவைத் திறந்து மூடினேன். பாட்டுப் பெட்டியைத் தட்டினேன். இந்தி பஜனை வந்தது. நல்ல சகுனம் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

காகித வேலையைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. டில்லியிலிருந்து தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28, இங்கே புது நம்பருக்குப் படிவம் 27, பெயர் மாற்ற இன்னும் இரண்டு, எல்லாவற்றுக்கும் மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி. வண்டிக்கு ஆயுள் எவ்வளவு பாக்கி என்று வரி வாங்குகிறவருக்கும் தெரியாது, கட்டுகிறவனுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. தெருவே கூடித் தள்ளியது. மெக்கானிக் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "வாங்கப் போனப்ப எஞ்சின் சூடா இருந்துச்சுங்களா சார்?"

அவர் எனக்கு எடுத்த பாடம் இது: டீசல் எஞ்சினில் பொறி வைக்கிற பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது பழுக்கக் காய்ந்துவிடும். அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை முதலில் சூடு காட்டி எழுப்புவதற்குத்தான் ஹீட்டர் பிளக். நம் வண்டியில் நாலும் அவுட். "சூடா இருந்தா பிளக்கே இல்லாமக்கூட எடுத்துக்கும் சார்." ஏசியின் விருந்தோம்பல் அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் புகை. கருப்பு வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, நாசிலையோ ஏர் ஃபில்டரையோ பார். நீலம் வந்தால் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல், அல்லது தண்ணீர். எங்கள் வண்டி பாரபட்சம் பார்க்காது. காலையில் வெள்ளை சாத்தும், ஏற்றத்தில் கருப்பு, பைபாஸில் நீலம். எதிர்வீட்டு அம்மா மாடியில் காயப்போட்ட வடகத்தை எடுத்த பிறகுதான் நான் சாவி போடலாம் என்று எங்களுக்குள் உடன்படிக்கை ஆயிற்று.

பம்ப்பும் நாசிலும் கழற்றி சர்வீஸ் பண்ணியதில் பதினெட்டாயிரம். என் மனைவி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்தாள்.

"ஏனுங்க, வருசத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க?"

"மூவாயிரம் கிலோமீட்டர்."

"லிட்டருக்கு?"

"பன்னண்டு."

"அப்ப 250 லிட்டரு. எட்டு ரூவா வீதம் வருசத்துக்கு ரெண்டாயிரம் மிச்சம். ஒம்பது வருசம் ஓட்டுனீங்கன்னா பம்ப்புக் காசு வந்துருமுங்க." ஹீட்டர் பிளக்கை அவள் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. பேச்சை மாற்ற, டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது நடுவழியில் காணாமல் போன கதையைச் சொன்னேன். "பழைய வண்டி வாங்குன யாராச்சும் அதே கப்பல்ல வந்திருப்பாங்க" என்றாள்.

இவ்வளவுக்கும் மாமனார் வாயே திறக்கவில்லை. வருவார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார், காபி குடிப்பார், போவார்.

பையனுக்குக் காதுகுத்து வந்தது. எட்டுப் பேர், பாத்திரம், பின் பெஞ்சுகளுக்கு நடுவில் கிடா. சேந்தமங்கலம் தாண்டி, மலையடிவாரத்துக் காரவள்ளியில் வண்டி இரண்டு இருமல் இருமி நின்றது. டீசல் முள் பாதியில் இருந்தது. வாங்கிய நாள் முதலாகவே அது பாதியில்தான் இருக்கிறது. சிக்கனமான வண்டி என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பெட்ரோல் பங்க்குக்கு பஸ்ஸில் போய் கேனில் வாங்கி வந்து ஊற்றினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை. டேங்க் வறண்டால் குழாயில் காற்று ஏறிவிடும், அதை வெளியே தள்ளாமல் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் பிரயோஜனமில்லை என்பது மெக்கானிக் எடுக்காத பாடம். நான் பானெட்டைத் திறந்து, வினாத்தாளைப் பார்க்கும் என் மாணவர்களைப் போல, உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமனார் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஃபில்டர் தலையில் ஒரு திருகைத் தளர்த்தி, பக்கத்துக் கைப்பம்ப்பை அமுக்கினார். நுரை நுரையாக வந்தது. அமுக்கினார். நுரை அடங்கி வெறும் டீசல் வழிந்ததும் திருகை இறுக்கினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எடுத்துக்கொண்டது. அப்புறம் அவர் இறங்கவில்லை, நானும் கேட்கவில்லை. பின் பெஞ்சில் கிடாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த வண்டி என் கையில் ஒரு நாளும் அப்படிப் போனதில்லை. இருபதாவது வளைவுக்கு மேல் கிடா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. முப்பதுக்கு மேல் மாமனார் கண்ணாடியில் என்னைப் பார்த்து முதல்முறையாகப் பேசினார்.

"மாப்ள, கெடா என்ன வெலைங்க?"

"பதிமூணாயிரமுங்க மாமா."

"பல்லப் புடிச்சுப் பாத்துத்தான வாங்குனீங்க?"

"பாத்தனுங்க மாமா. ரெண்டு பல்லு."

"ம்" என்றார். அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தார்.