தண்ணியப் பாக்க வண்டி கட்டுன கதை

அந்தக் காலத்து ஆடிப் பதினெட்டப் பத்திச் சொல்லுங்க தாத்தான்னு கேக்கற. சொல்றேன் பேராண்டி. மொதல்ல அந்தப் போன எறக்கு. எம் மூஞ்சி எங்கயும் ஓடிப் போயிடாது. காதால கேளு, போதும். காது ரெண்டும் சும்மாதான இருக்குது?

இன்னொண்ணும் சொல்லிடறேன். "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு நான் பெருமூச்சு உடுவேன்னு பாத்துக்கிட்டு இருக்காத. அந்தப் பெருமூச்செல்லாம் இப்ப உங்களுக்குத்தான் நல்லா வருது. பெங்களூர்ல ஏசி ரூமுல குந்திக்கிட்டு, கமர்கட்டுப் படத்தப் போட்டு, 'இத யாரெல்லாம் சாப்புட்டிருக்கீங்க'ன்னு கேக்கறீங்க. நீ சாப்புட்டிருக்கியா கண்ணு? நீ பொறக்கும்போதே மளிகைக்கடையில சிப்ஸ் பாக்கெட்டு சரஞ்சரமாத் தொங்குச்சே? பாக்காததுக்கு எதுக்குப்பா இத்தினி ஏக்கம்?

போன வருசம் உன் ஆபீசுல 'கிராமத்துத் திருவிழா'ன்னு நடத்துனாங்கன்னு சொன்னியே. தலப்பா வாடகைக்கு, வேட்டி ஒட்டிக்கற வேட்டி, ஜவ்வு மிட்டாய்ல வாட்ச்சு கட்டி உட நூறு ரூவா. எல்லாம் இருந்துச்சு. புழுதி இருந்துச்சா? கூட்டத்துல கால மிதிச்சவன் இருந்தானா? தொலைஞ்சு போய் அழுவற கொழந்தை ஒண்ணாவது இருந்துச்சா? அப்பறம் என்னா திருவிழா அது?

இப்ப கதைக்கு வருவோம். நம்ம ஊரு எங்க இருக்குது? பென்னாகரத்துக்கு இந்தாண்ட. நான் சின்னப் பையனா இருந்தப்ப தருமபுரி ஜில்லாவே கெடையாது, நாங்க சேலம் ஜில்லா. 1965-ல அக்டோபர் 2-ந் தேதி தனியாப் பிரிச்சாங்க. பொறவு 2004-ல கிருஷ்ணகிரியும் பாகம் பிரிச்சுக்கிட்டுப் போயிருச்சு. காயிதத்துல கோடு மாறுச்சே ஒழிய, மானம் மாறல. பேஞ்சா கேவுரு, பேயலன்னா கொள்ளு. ஆடிப் பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சொல்லி வச்சாங்க. வெதைக்கலாம், வெதைக்கு மேல மழை வரணுமே?

கெணத்துத் தண்ணி கதை தெரியுமா உனக்கு? அடியில கெடக்கும். எட்டிப் பாக்கப் போனா எங்க ஆயா குச்சிய எடுக்கும். அந்தத் தண்ணியிலயும் புளோரைடு. அப்ப யாருக்கு அந்தப் பேரு தெரியும்? பல்லெல்லாம் மஞ்சக் காவி ஏறிக் கெடக்கும். வெளியூரு போனா, தருமபுரிக்காரனுங்க பல்லே வெளக்க மாட்டானுங்கன்னு சிரிப்பானுங்க. வெளக்குனோம்பா. வேப்பங்குச்சி தேயத் தேய வெளக்குனோம். கோளாறு குச்சியில இல்ல.

அப்பேர்ப்பட்ட ஊர்ல பொறந்த பையனுக்கு ஆடிப் பதினெட்டுன்னா என்னா? சாமியா? வளையக்கடையா? ராட்டினமா? எல்லாந்தான். ஆனா மொதல்ல தண்ணி. வருசத்துல ஒரு நாளு, மொண்டாலும் தீராத தண்ணி. கொடத்த வச்சுக்கிட்டு யாரும் சண்டை போடாத தண்ணி. அதப் பாக்கறதுக்கு வண்டி கட்டிக்கிட்டு ஒகேனக்கல்லுக்குப் போனோம். பாதிப் பேரு இத நம்ப மாட்டீங்க. தண்ணிய எதுக்குத் தாத்தா போய்ப் பாக்கணும், குழாயத் தொறந்தா வருதேம்ப. இருக்கட்டும், குழாய்க்கு அப்பறம் வர்றேன்.

மொத நாளே கெளம்பிடுவோம். கூண்டு வண்டி, மாட்டுக்குச் சலங்கை, வண்டிக்கு அடியில வைக்கோலு, ஒரு அண்டா புளிச்சோறு. பென்னாகரம் பக்கம் புளிக்குப் பஞ்சமா? மடம்னு ஒரு ஊரு, அதத் தாண்டுனா காடு. அங்கிருந்து எறக்கம். மாடு கால ஊனிக்கிட்டுத் தயங்கும். பெரியவங்க எறங்கி வண்டியப் புடிச்சுக்கிட்டு நடப்பாங்க. ஆனை வரும், சத்தம் போடாதீங்கன்னு ஆயா சொல்லும். சொல்றதே ஊருக்குக் கேக்கற மாதிரித்தான் சொல்லும். விடியக்காலம் தூக்கத்துல 'ஓ'ன்னு ஒரு எரைச்சலு கேக்கும். பாருங்கடா, காவேரின்னு அப்பாரு எழுப்புவாரு. கண்ணுல படறதுக்கு முன்னாடியே காதுல வந்துரும் அந்த ஆறு.

குளிக்க மனுசன் மட்டுமா வந்தான்? சாமியும் வந்துச்சு. சுத்துப்பட்டு ஊருல இருந்து மேளம் அடிச்சுக்கிட்டு, அவங்கவங்க கொலசாமியத் தூக்கிட்டு வருவாங்க. சூலம், வேலு, கத்தி எல்லாத்தையும் ஆத்துல கழுவி, மஞ்ச பூசி, பொட்டு வச்சுத் திரும்பத் தூக்கிட்டுப் போவாங்க. புதுசாக் கண்ணாலம் ஆனவங்க தாலிக் கயிறு மாத்துவாங்க. பொம்பளைங்க மொளப்பாலிய ஆத்துல உடுவாங்க. நாங்க? சாமி குளிச்ச எடத்துக்குக் கீழ எறங்கிக் குதிச்சோம். புண்ணியம் தானா வந்து சேரட்டும்னு.

அப்பறம் கடை வீதி. கையில நாலணா. 1957-ல ஏப்ரல் மாசம் நயா பைசான்னு ஒண்ணு கொண்டாந்தான் சர்க்காரு. அந்த வருசத்துப் பதினெட்டு இருக்குதே, அது திருவிழா இல்ல, கணக்குப் பரீச்சை. ரூவாய்க்கு 16 அணா போயி 100 பைசா. நாலணாவுக்கு 25 பைசா. அது சரி. ஓரணாவுக்கு? ஆறே காலு. கால் பைசாவுக்கு எங்க போறது? சட்டப்படி ஆறுன்னாங்க. நாங்க வெவரமான பசங்க. நாலணா சாமான ஒண்ணா வாங்குனா 25. ஓரணா ஓரணாவா நாலு தடவ வாங்குனா 24. ஒரு பைசா லாபம்! கடைக்காரன் எங்களுக்கு மேல வெவரம். ஓரணாச் சாமானுக்கு ஏழுன்னுட்டான். என்னாண்ணே, சட்டம் ஆறுதானன்னா, சட்டம் தருமபுரியோட நின்னுருச்சு, இது ஒகேனக்கல்லுன்னான். பொரியும் பொட்டுக்கடலையும் அவன் சொன்ன வெலைக்குத்தான் வாங்குனோம். இன்னிக்கு நீ மூவாயிரம் ரூவா செருப்ப 2,999-ன்னு போட்டா வாங்கற பாரு, அங்க நான் சிரிக்கறேன். அந்த ஒத்தப் பைசா வித்தை எங்களுக்கு அப்பவே அத்துப்படி.

நாலணாவச் செலவு பண்றது அத்தினி லேசா? மொதல்ல கடை பூராச் சுத்தணும். பயாஸ்கோப்பா, ஊதலா, கலரா? காசக் கையில இறுக்கிப் புடிச்சுப் புடிச்சு வேர்த்துப் போவும். மரத்தொட்டி ராட்டினம், ஆளுங்க கையால சுத்துவாங்க. உச்சிக்குப் போனா அக்கரையே தெரியும்டான்னு பெரிய பசங்க சொல்லி அனுப்புனாங்க. உச்சிக்குப் போனப்பத் தெரிஞ்சது என்னா? கீழ நின்னுக்கிட்டு எங்க ஆயா, எறக்கி உடுங்கடா எம் பேரனன்னு மாராப்ப இறுக்கிக் கட்டறதுதான். ஊதல் வாங்குனா வண்டி ஏறறதுக்குள்ள சத்தம் போயிரும். லங்கர் கட்டை உருட்டறவன்கிட்ட உக்காந்த பெரியவங்க வெறுங்கையோட எந்திரிப்பாங்க. எல்லாம் ஏமாத்துதான். ஏமாந்துட்டு அடுத்த வருசம் திரும்பவும் போவோம். இதுல என்னத்தப் பொற்காலத்தக் கண்ட நீ?

இப்ப நீ போற பதினெட்டுக்கு வருவோம். ஜில்லாவுக்கு உள்ளூரு லீவு உட்டுடறாங்க, ஈடு கட்ட ஒரு சனிக்கெழமை பள்ளிக்கூடம் வச்சுடறாங்க. சர்க்காரே விழா எடுக்குது, மேடை போட்டு, கண்காட்சி வச்சு. தப்பில்ல. நீ என்னா பண்ற? கார உட்டு எறங்குனதும் ஆத்துக்கு முதுகக் காட்டி நிக்கற. ஏம்பா, அத்தினி தூரம் வந்து முதுகயா காட்டுவ? நாங்க ஆத்தப் பாக்கப் போனோம். நீ ஆத்துக்கு உன்னக் காட்டப் போற.

1992-ல ரோஜான்னு ஒரு படம் வந்துச்சு, அதுல நம்ம அருவியக் காட்டுனாங்க. பொறவு வர்றவங்கெல்லாம், ரோஜாவுல வந்த எடம் எதுங்கன்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி அங்க என்னா, தண்ணி சும்மா குந்திக்கிட்டு இருந்துச்சா?

மீனு சமாச்சாரமும் அப்படித்தான். உன் சிநேகிதன் ஒருத்தன் வீடியோ போட்டிருந்தானே, 'ஒகேனக்கல்லின் மறைந்திருக்கும் சுவை ரகசியம்'னு. ரகசியமா? பஸ்ஸ உட்டு எறங்கறதுக்குள்ள, மீனு சமைக்கணுமாங்கன்னு பொம்பளைங்க வழி மறிக்கறாங்க. மீன நீ வாங்கிக் குடுத்தா, மசாலா அரைச்சு, கண்ணு முன்னாடியே கொழம்பும் வறுவலும் பண்ணிக் குடுத்துடுவாங்க. எத்தினியோ வருசமா நடக்கற தொழிலு. கூவிக் கூப்படறத ரகசியங்கறான் பாரு, அவனுக்குத்தான் லட்சம் பேரு பாக்கறாங்க.

எண்ணெ தேச்சு உடறவங்களப் பாத்து மூஞ்சிய ஏன் சுளிக்கற? வெயில்ல, பாறை மேல, எல்லாரும் பாக்க, எப்படித் தாத்தா படுக்கறதுங்கற. பெங்களூர்ல இருட்டு ரூமுல மெழுகுவத்தி ஏத்தி வச்சு, புல்லாங்குழல் பாட்டப் போட்டு, தடவிக் குடுத்தா ரெண்டாயிரம் தர்ற. இங்க அவரு உன்னத் தொவைக்கற துணி மாதிரிப் பெரட்டிப் போட்டு நாலு தட்டு தட்டுனா, மாசக் கணக்குல கம்ப்யூட்டருக்கு முன்னாடி குந்துன வலி எங்க போச்சுன்னு தேடுவ. மெழுகுவத்தி வேணும்னா நான் வாங்கித் தர்றேன்.

இன்னொருத்தன் கதை கேளு. 2024 ஆடியில கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் ரொம்பித் தொறந்து உட்டாங்க. ஒகேனக்கல்ல லட்சம் கன அடிக்கு மேல போச்சு. குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை. நம்ம தெருவுப் பையன் ஒருத்தன் பதினெட்டுக்குக் குளிக்கலாம்னு போய், தடுப்புக் கட்டையப் பாத்துட்டுத் திரும்பி வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? 'பராமரிப்பு சரியில்லை'ன்னு எழுதி, காவேரிக்கு ஒத்த நட்சத்திரம் குடுத்துட்டான். ஆறு அதப் பாத்து ரொம்ப வருத்தப்பட்டிருக்கும். எங்க காலத்துல, கட்டை போடறதுக்கு முன்னாடியே எங்க ஆயா தடை போட்டுரும். தண்ணி செவப்பாத் திரும்புனா, நடுவுல வேரோட மரம் வந்தா, கரையேறுங்கடான்னு ஒரே சத்தம். பிலிகுண்டுலுல ஆத்துத் தண்ணிய அளந்து சொல்ற வரைக்கும் யாரு காத்துக்கிட்டு இருந்தா?

குழாய்க்கு வர்றேன்னேன் இல்ல? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்னு, ஜப்பான்காரன்கிட்டக் கடன் வாங்கிக் கட்டி, 2013-ல தொறந்தாங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லாவுக்கும். புளோரைடுத் தண்ணிக்கு மாத்தா அதே காவேரி. எந்தத் தண்ணியப் பாக்க வண்டி கட்டுனமோ, அது மேடேறி நம்ம தெருவுக்கு வந்துச்சு. மொத நாளு குழாயத் தொறந்துட்டு உன் பாட்டி கொடத்த வைக்க மறந்து நின்னா. அடுத்த வாரமே, இன்னிக்கு ஏன் லேட்டுன்னு பஞ்சாயத்துல சண்டைக்கும் போனா. பொண்ணு பசங்க பல்லு இப்ப வெள்ளையா இருக்குது பாரு, அதுக்கு மேல எந்தத் திருவிழா எனக்கு வேணும்? என் பல்லப் பத்திக் கேக்காத. காவியும் போச்சு, பல்லும் போச்சு.

நீ மட்டும் அந்த ஆத்தங்கரையிலயே நின்னுக்கிட்டு காசு குடுத்து பாட்டில் தண்ணி குடிக்கற. குடி, குடி. கம்பெனிக்காரன் பொழைக்க வேணாமா?

இந்த வருசமும் ஆடி பொறந்துருச்சு. போவேன்னுதான் நிப்ப. போறவன் வெறுங்கையோட போவாத, பொரி பொட்டுக்கடலை வாங்கறதுக்குச் சில்லறையா எடுத்துக்க, எல்லாத்துக்கும் போனத் தேய்க்காத. மீனு வாங்கறப்பச் செவுளத் தூக்கிப் பாரு, செவப்பா இருந்தா வாங்கு. அதுவும் உனக்குப் பாக்கத் தெரியாது, நானே வந்து பாத்துக்கறேன். கார்ல எடம் இருக்குமில்ல? முன்சீட்டு எனக்கு. கண்ணாடிய எறக்கி வச்சுடு, மடம் தாண்டுனதும் எரைச்சலு கேக்குதா பாக்கணும். ஏசி வேணும்னா நீ வூட்லயே இருந்துக்க, சாவியக் குடு.