நாலு மணி நேரத் தூரம்

எங்கள் தெருவில் சிங்கப்பூர்த் தூரத்தை யாரும் மைலில் சொன்னதில்லை. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ ஏறினால் பினாங்கு தொட்டு ஏறக்குறைய ஒரு வாரம், அவ்வளவுதான் கணக்கு. 1926இல் கட்டிய அந்தக் கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்து, ஊறுகாய் ஜாடிக்குக் காவலிருந்தபடியே அக்கரை சேர்ந்த எங்கள் பெரியப்பா, இறங்கிய பிறகும் நாலு நாள் தரை ஆடிக்கொண்டே இருந்தது என்பார். 1973இல் ரஜூலா ஓய்ந்து ‘சிதம்பரம்’ வந்தது. நானோ, போனால் ஆகாயத்தில்தான் போவேன் என்று அடம்பிடித்தவன்.

எழுபதுகளின் கடைசியில், சித்திரை வெயிலில், இரவல் கோட்டுக்குள் வெந்துகொண்டு மீனம்பாக்கத்தில் நின்றேன். வழியனுப்ப ஒரு வேன் நிறைய சனம், கழுத்தில் மாலை, கையில் எலுமிச்சம்பழம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு புகைப்படம் இருக்கும், பாருங்கள். பயணிக்கிறவன் யார், அழுகிறவர்கள் யார் என்று அதில் கண்டுபிடிப்பது கஷ்டம். விமானத்துக்குள் பணிப்பெண் தட்டில் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் நீட்டினாள். நடுக்கடலுக்கு மேலே, விமானி கைப்பட எழுதிய ஒரு தாள் வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது: எத்தனை அடி உயரம், என்ன வேகம், எப்போது தரை தொடுவோம். என்னிடம் வரும்போது அதன் ஓரத்தில் யாருடைய வெண்ணெய் விரலோ பதிந்திருந்தது. பின்வரிசைக்காரர் தொண்டையைக் கனைக்கும்வரை, பரீட்சை ரிசல்ட் மாதிரி அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

சாங்கி விமான நிலையம் அப்போது திறக்கவில்லை, அது 1981இல்தான். பாய லேபாரில் இறங்கிக் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினேன். 1982 பிறந்தபோது சிங்கப்பூர் இன்னொரு அரை மணியைச் சேர்த்துக்கொண்டு எங்களை மேலும் பின்தங்க வைத்தது.

இப்போது கைபேசியில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும், சுமார் 2,900 கிலோமீட்டர், நாலு மணிச் சொச்சம் என்று வந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அன்று நான் ஏறிய போயிங் 707க்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தான். அதுவும் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டரை ஒட்டித்தான் பறந்தது. வானத்தில் ஒன்றும் குறையவில்லை, தரையில்தான் கூடியிருக்கிறது. மூன்று மணி நேரம் முன்னதாக வா என்கிறார்கள். வந்தால் பெல்ட்டைக் கழற்று, தண்ணீரைக் கொட்டு என்கிறார்கள். மாலையோடு வருகிறவர்கள் வாசலோடு சரி.

போதாக்குறைக்கு, தாமதம் என்று பெயர் வராமலிருக்க அட்டவணையிலேயே சில நிமிடங்களைக் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே இருபது நிமிடம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டோம் என்று பெருமையோடு அறிவிப்பு வருகிறது. நிறுத்த இடம் காலியாகாமல் அந்த இருபது நிமிடமும் ஓரமாக நிற்கிறோம். கைபேசியை உயிர்ப்பிக்கிறேன். மகளின் செய்தி எனக்கு முன்பே வந்து காத்திருக்கிறது: “இறங்கிட்டீங்கன்னு பார்த்தேம்பா, டாக்ஸி பிடிச்சு வந்துடுங்க.”