களிமண்ணுக்குப் பத்து லட்சம், ஆளுக்கு ஆறு

ஜெர்மானியர்களின் தொலைநோக்கை நாம் போதிய அளவு புகழவில்லை. அணு உலையில் தீர்ந்துபோன எரிபொருளைப் புதைக்க இடம் தேடுவதற்கென்றே அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 2013இல் வந்தது, 2017இல் திருத்தி எழுதப்பட்டது. பத்து லட்சம் ஆண்டுகளுக்கு ஆபத்தில்லை என்று காட்டினால்தான் ஓர் இடம் தேறும். உப்பு, கிரானைட் போன்ற படிகப் பாறை, களிப்பாறை என மூன்றும் போட்டியில் இருக்கின்றன. அடுத்த தேர்தலுக்கு அப்பால் யோசிக்காத அரசுகளையே பார்த்துப் பழகிய நமக்குப் புல்லரிக்கிறது.

மண்ணைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் மனிதரை மறப்பார்களா? அதற்கும் 2007இல் ஒரு சட்டம் செய்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்களிலும் அரசு ஆய்வு நிறுவனங்களிலும் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு வரை ஒருவரைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். மருத்துவத்துறைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காதவர் நடையைக் கட்டலாம். வெளியிலிருந்து பணம் வரும் திட்டம் என்றால், பணம் உள்ளவரை மேலும் தற்காலிகமாகத் தொடரலாம் என்ற கருணையும் உண்டு. களிமண்ணுக்குப் பத்து லட்சம், அதைப் படிப்பவருக்கு ஆறும் ஆறும் பன்னிரண்டு. யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பதல்லவா நிர்வாகம்!

இதன் நியாயத்தை விளக்க ஜெர்மனியின் கல்வி, ஆராய்ச்சி அமைச்சகம் ஒரு படமே எடுத்தது. ஹன்னா என்ற உயிரியல் ஆய்வாளர் அதில் கார்ட்டூனாக வருவார். ஒரே தலைமுறை எல்லா இடங்களையும் அடைத்துக்கொண்டால் பின்னால் வருபவர் என்ன செய்வார் என்பது படத்தின் வாதம். 2021 ஜூனில் அந்தப் படம் மறுபடி கண்ணில் பட்டதும், நன்றி கெட்ட ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் "நான்தான் ஹன்னா" என்று சமூக ஊடகத்தில் கொதித்தார்கள். அமைச்சகத்தின் நுண்ணறிவு அவர்களுக்குப் பிடிபடவில்லை. களிமண்ணை அணுக்கழிவுக்குக் காவல் வைப்பதே அது அடைத்துக்கொள்ளும் என்பதால்தான். ஈரம் பட்டால் ஊதும், விரிசலைத் தானே மூடும், தண்ணீரை ஏறக்குறைய நிறுத்தியே வைக்கும். கரைந்த அணுக்கள் அதனூடே மெல்ல விரவித்தான் நகர முடியும். மண் அடைத்தால் சிறப்பு, மனிதர் அடைத்தால் சீர்கேடு என்று பிரித்துப் பார்க்க எல்லாராலும் முடியுமா?

களிமண்ணைப் படிக்கும் அந்த இளைய ஆய்வாளர் என்னதான் செய்கிறார் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். தீப்பெட்டி உயரம்கூட இல்லாத, ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள களிப்பாறை வில்லை. ஸ்விட்சர்லாந்தின் மோன் தெரி சுரங்க ஆய்வகத்தில் தோண்டி எடுத்த ஒபாலினஸ் களிப்பாறையாக இருக்கலாம். நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டி 1996 முதல் இயங்கும் ஆய்வகம் அது. அதே பாறை தென் ஜெர்மனியிலும் உண்டு. வில்லையை எஃகுக் கலத்தில் இறுக்கி, ஒரு பக்கம் கதிரியக்கம் கலந்த உப்புநீர், மறுபக்கம் கலக்காத நீர். காற்றுப் பட்டால் பாறையிலுள்ள பைரைட் ஆக்ஸிஜனோடு சேர்ந்து அமிலமாகி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால் கலம் மூடிய பெட்டிக்குள் இருக்க, தடித்த ரப்பர் கையுறைக்குள் கையை நுழைத்து, குறித்த நாளில் குறித்த புட்டியை மாற்ற வேண்டும். டிரிட்டியம் கலந்த நீர் சில வாரங்களில் எதிர்ப்பக்கம் எட்டிப் பார்க்கும். சீசியம் களியோடு ஒட்டிக்கொள்ளும் ஜாதி. அதற்கு மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தம் மூன்று வருடம். பல இடங்களில் சம்பளம் அரை அல்லது முக்கால், வேலை மட்டும் முழுசு.

இந்த அறிவியலில் எதுவும் நடக்கவில்லை என்பதுதான் நற்செய்தி. எதிர்ப்பக்கப் புட்டியில் ஒன்றும் வரவில்லை, வரைபடத்தில் கோடு படுத்தே கிடக்கிறது என்றால் பூமிக்கடியில் எல்லாம் நலம். ஆனால் மாநாட்டில் படுத்த கோட்டுக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? சிவப்பும் மஞ்சளுமாக வெப்பம் பரவும் கணினிப் படம் ஒட்டிய போஸ்டர்தான் கண்ணை இழுக்கும். நடுவர்களுக்கும் கால் வலிக்கும் அல்லவா.

ஆம், பரிசு இருக்கிறது. இளையவர்களை அங்கீகரிக்கவில்லை என்று யாரும் வாய் திறக்க முடியாது. மாநாடு முடியும் நாளில் மேடைக்கு அழைத்து, பெயரைத் தப்பில்லாமல் வாசிக்க முயன்று, சான்றிதழ் கொடுத்து, கைகுலுக்கி, புகைப்படமும் எடுப்பார்கள். கல்யாண வீட்டில் மூன்று பந்தியும் நின்று பரிமாறியவன் கையில் கடைசியில் தாம்பூலப் பை தருவதுபோல மனம் நிறைந்த மரியாதை. சில நேரம் அடுத்த மாநாட்டுக்குப் போய்வரச் செலவும் கிடைக்கும். அதுவரை ஒப்பந்தம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தலையில் நாலு நரை தெரிந்த பிறகும் "இளம் ஆய்வாளர்" என்று கூப்பிடும் பெருந்தன்மை வேறு எந்தத் தொழிலில் உண்டு?

ஸ்விட்சர்லாந்தின் கிரிம்செல் சுரங்க ஆய்வகத்தில் 1997இல் பெண்டோனைட் களிமண் சூழ ஒரு ஹீட்டரைப் பூட்டினார்கள். கழிவின் சூட்டில் களி என்ன ஆகிறது என்று பார்க்க. 2015 வரை, 18 ஆண்டுகள், அது தன் இடத்தை விட்டு அசையவில்லை. ஹீட்டரின் பணித்தொடர்ச்சியில் எவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

நினைவைப் பேணுவதிலும் குறை சொல்ல முடியாது. பத்தாயிரம் ஆண்டு கழித்து வருபவருக்கு ஆபத்தை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, "அணுப் பூசாரிகள்" என்றொரு பரம்பரையையே உருவாக்கலாம் என 1984இல் அமெரிக்காவில் தாமஸ் செபியோக் யோசனை சொன்னார். ஓஇசிடியின் அணுசக்தி முகமை 2011 முதல் 2018 வரை பதிவையும் அறிவையும் நினைவையும் தலைமுறை தாண்டிக் கடத்துவது பற்றி ஒரு திட்டமே நடத்தியது. ஜெர்மனிக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். இப்போது உள்ளே தண்ணீர் கசிகிறது, எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும், எந்தப் பீப்பாயில் எது என்ற பதிவு முழுமையாக இல்லை. பாடம் படித்தவர்கள் ஆயிற்றே. ஒப்பந்தம் முடிந்த ஆய்வாளர் தன் நோட்டுப் புத்தகத்தையும் பென் டிரைவையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க ஒரு மதியம் முழுவதும் ஒதுக்குகிறார்கள். அடுத்தவர் இன்னும் நியமிக்கப்படாவிட்டால் அலமாரியிடம் ஒப்படைக்கலாம்.

2023 மார்ச்சில் அமைச்சகத்தின் அன்பு கரை புரண்டது. பட்டத்துக்குப் பின்னுள்ள ஆறு ஆண்டை மூன்றாக்கலாம் என்று முன்மொழிந்தது. நிச்சயமின்மை சீக்கிரம் முடிந்துவிடுமாம்! ஊரே கூடிக் கத்தியதில் சில நாளிலேயே பின்வாங்க வேண்டியதாயிற்று.

இடத்தை 2031க்குள் தேர்ந்தெடுப்பது சட்டத்தின் குறி. பிறகு 2046 முதல் 2068 வரை ஆகலாம் என்றார்கள். 2024இல் வந்த ஓர் ஆய்வு 2074 என்கிறது. இன்று கையுறைக்குள் கை நுழைப்பவருக்குப் பின் நாலு வரிசை ஆய்வாளர்களாவது வந்து, பரிசு வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கோ மென்பொருள் கம்பெனிக்கோ போயிருப்பார்கள். உரிமம் வழங்கும் கூட்டத்தில் ஊர்க்காரர் யாராவது எழுந்து, "சீசியம் இவ்வளவுதான் நகரும் என்கிறீர்களே, இதை அளந்தவரை நான் ஒரு கேள்வி கேட்கலாமா?" என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அவர் பரிசு வாங்கும் புகைப்படம் பத்திரமாக இருக்கும்.