துரை தோண்டுகிறார்

இங்கிலாந்தில் கோதுமை அறுவடை முடிந்து வயலில் வெறும் தாள் மட்டும் நிற்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அவரைக் காணலாம். காதில் ஹெட்போன். கையில் நீண்ட கம்பு. கம்பின் நுனியில் ஒரு வட்டத் தட்டு. அதை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, மணிக்கு அரை ஃபர்லாங் வேகத்தில் முன்னேறுவார். திடீரென்று நிற்பார். ஓர் அடி பின்வாங்குவார். முழங்காலிட்டுக் குனிவார். தூரத்தில் நாயோடு உலாவப் போகிறவர்கள், யாரோ பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். அவர்கள் நினைப்பதும் தப்பில்லை. அந்த நேரத்தில் அவர் வேண்டிக்கொள்ளாத தெய்வமில்லை.

பெயர் எதுவாகவும் இருக்கட்டும். நாம் அவரைத் துரை என்றே வைத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டியவர். அண்மையில்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற முதல் வாரம் சமையலறையில் புகுந்து, மசாலா டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கினார். இரண்டாம் வாரம் துரைசாணி கடைக்குப் போய் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்தார். வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், சீக்கிரம் திரும்பக் கூடாது, அருகில் மதுக்கடை இருக்கக் கூடாது: இந்த மூன்று நிபந்தனைக்கும் பொருந்துகிற பொழுதுபோக்கு வேறு ஒன்றும் அவருக்குத் தென்படவில்லை.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு தலபுராணம் உண்டு. 1992 நவம்பரில், சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித் தரும்படி நண்பர் எரிக் லாஸைக் கேட்டார். லாஸ் ஓய்வு பெற்ற தோட்டக்காரர். அவருடைய டிடெக்டரும் ஓய்வு பெற்றபோது வந்த பரிசுதான். சுத்தியலைத் தேடப் போனவருக்கு ரோமானியர் காலத்துப் புதையல் தட்டுப்பட்டது. ஏறத்தாழ 15,000 பொன், வெள்ளி, வெண்கலக் காசுகள், வெள்ளிக் கரண்டிகள், பொன் நகைகள். மதிப்பு 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் பிறகு கிடைத்தது. அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

துரைக்கு இந்தக் கதை தலைகீழ்ப் பாடம். ஆனால் லாஸ் தேடியது புதையலை அல்ல, சுத்தியலை என்ற பகுதி மட்டும் அவர் மனத்தில் தங்கவே இல்லை.

கருவி வந்தால் போதுமா? முழங்காலுக்குத் திண்டு வந்தது. ராணுவத்தார் உடுத்தும் பச்சைப் புள்ளி போட்ட கால்சட்டை வந்தது. புதைந்து கிடக்கும் காசு இவரைப் பார்த்துவிட்டு ஓடிவிடக் கூடாதல்லவா? குழிக்குள் விட்டுத் துழாவ ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு கருவி வந்தது. அதை இந்த வட்டாரத்தில் செல்லமாகக் கேரட் என்பார்கள். இடுப்பில் கட்டும் பை ஒன்றும் வந்தது. அதில் இரண்டு அறைகள். பெரிய அறை புதையலுக்கு, சின்னது குப்பைக்கு என்று துரை ஒதுக்கீடு செய்தார். கடைசியாக, வயலில் கால் பத்திரமாக இருக்கட்டும் என்று எஃகு முனை வைத்த பூட்ஸ்.

துரை என்றதும், நினைத்த இடத்தில் இறங்கித் தோண்டிவிடுவார் என்று நம்மவர்கள் எண்ணக் கூடாது. அந்தக் காலம் போய்விட்டது. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்ணைக் கிளற முடியாது. பழங்காலத்துக் கோட்டை, கோயில், குடியிருப்பு என்று அரசு பட்டியலிட்டுக் காக்கும் இடங்களில் அனுமதியின்றி டிடெக்டரை ஆட்டுவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதாவது, நிச்சயமாக ஏதாவது இருக்கும் இடத்தில் தோண்டக் கூடாது. தோண்டக்கூடிய இடத்தில் ஏதாவது இருக்குமா என்பது நிச்சயமில்லை.

ஆகவே துரை ஒரு விவசாயியின் வீட்டுக் கதவைத் தட்டினார். எழுதிக் கொண்டுபோன ஒப்பந்தத்தை நீட்டினார். கிடைப்பதில் சரிபாதி நிலத்துக்காரருக்கு என்பது இந்த உலகத்தில் வழக்கம். 2009இல் ஸ்டாஃபர்ட்ஷயர் வயலில் கிடைத்த ஆங்கிலோ-சாக்ஸன் பொன்குவியலுக்கு 32.85 லட்சம் பவுண்டு மதிப்புப் போட்டார்கள். அதுவும் கண்டெடுத்தவருக்கும் விவசாயிக்கும் பாதிப்பாதியாகத்தான் போயிற்று. துரை இதையெல்லாம் விளக்கினார். விவசாயி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள். மாடு வெளியே போய்விடும்" என்றார்.

முதல் நாள். வயலில் கால் வைத்ததும் பீப். அடுத்த அடியில் இன்னொரு பீப். நின்றால் சத்தமில்லை, நடந்தால் பீப். வயல் முழுக்கக் காசு விதைத்திருக்கிறார்கள் என்று துரைக்குக் கண் கலங்கிவிட்டது. போகிற வழியெல்லாம் குழி வெட்டினார். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. மத்தியானம் ரொட்டி தின்ன உட்கார்ந்தபோது தட்டு தற்செயலாகக் காலருகே வந்தது. பீப். கத்திக்கொண்டிருந்தது பூட்ஸின் எஃகு முனை.

வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த விஷயத்தில் அவருக்குப் பெரிய முன்னோர் இருக்கிறார். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோன் புகழ் கிரஹாம் பெல், உலோகத்தைக் காதால் கண்டுபிடிக்கும் ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு ஓடினார். சத்தம் கேட்டதே தவிரக் குண்டு அகப்படவில்லை. மெத்தையிலிருந்த கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்று பின்னால் காரணம் சொன்னார்கள். பெல்லுக்கு மெத்தை, துரைக்குப் பூட்ஸ்.

மறுமுறை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனார். அப்போதும் கருவி புலம்பியது, சட்டைப்பையில் செல்போன். அதை அணைத்தார். மாட்டுக்குப் போட்ட மின்வேலிக்குப் பக்கத்தில் போனதும் மறுபடி புலம்பல். வேலியை அணைக்கச் சொல்லி விவசாயியைக் கேட்கலாமா என்று யோசித்து, மாடுகளின் முகத்தைப் பார்த்துவிட்டு விலகி நடந்தார். தட்டைத் தரையோடு ஒட்டி, மட்டமாக, மெதுவாக நகர்த்த வேண்டும் என்பது முதல் பாடம். துரை வீசிய வீச்சில் ஒவ்வொரு முறையும் அது முழங்கால் உயரத்துக்குப் போய் வந்தது. காற்றில் ஏதாவது புதைந்திருந்தால் தப்பியிருக்காது.

அப்படியும் ஒரு நாள் கணீரென்று ஒலித்தது. திரையில் எண், இரும்புக்கு மேலே, வெள்ளிக்குக் கீழே, நடுவாந்தரத்தில் நின்றது. நடு எண்ணில்தான் பொன் இருக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஒரு காசை எடுக்க ஒரு சாண் அகலம் போதும். துரை வெட்டிய குழியில் வாழைக்கன்று நடலாம். உள்ளே ஒன்றும் இல்லை. கேரட்டை விட்டுத் துழாவினார், இல்லை. கடைசியில், தானே வாரி வெளியே போட்ட மண்ணில், தன் முழங்காலுக்கு அடியிலேயே அது இருந்தது: பீர் டின்னைத் திறக்கும் அலுமினிய வளையம்.

கருவியைக் குறை சொல்ல முடியாது. தட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடுகிறது. அது எழுப்பும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிடக்கும் உலோகத்தில் சின்னச் சின்ன மின்சுழல்களை உண்டாக்குகிறது. அந்தச் சுழல்களின் எதிரொலியைத்தான் கருவி கேட்கிறது. உலோகத்தின் பெயர் அதற்குத் தெரியாது. எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது, எவ்வளவு பெரிது, என்ன வடிவம் என்பதெல்லாம் சேர்ந்து ஓர் எண்ணாக வருகிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் சின்னப் பொன் மோதிரமும் டின் வளையமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன.

இன்ன எண்ணுக்குச் சத்தம் போடாதே என்று கருவியை அடக்கி வைக்கவும் வழியுண்டு. டின் வளையத்தை அடக்கினால் நிம்மதி. ஆனால் மோதிரமும் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும். பொன் வேண்டுமென்றால் வளையம் அத்தனையையும் தோண்டித்தான் ஆக வேண்டும். 1960களில் அமெரிக்காவில் எர்மல் ஃப்ரேஸ் என்ற பொறியாளர், டின்னின் தலையிலேயே பிய்த்தெடுக்கும் வளையத்தை வைக்க வழி கண்டார். உலகம் அவரை வாழ்த்திக் குடித்தது, வளையத்தைத் தூக்கி எறிந்தது. எறிந்ததையெல்லாம் பொறுக்கும் பொறுப்பு துரைக்கு வந்து சேர்ந்தது.

முதல் மாத வரவு: வளையங்கள், சிகரெட் பெட்டிக் காகிதம், ஆணி, ஈயக் கட்டி, துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம். வெறும் கையோடு வீடு திரும்ப முடியுமா? ஒவ்வொன்றுக்கும் துரை ஒரு வரலாறு கொடுத்தார்.

"இது ரோமானியப் படைவீரனின் சட்டைப் பித்தான்."

துரைசாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதில் 12 என்று போட்டிருக்கிறதே?"

"ஆமாம், படைப்பிரிவின் எண்ணாக இருக்கும்."

"ரோமானியர்களுக்கு ரோமன் எண் தெரியாதா?"

அன்றிலிருந்து துரை காலத்தைக் குறிப்பிடுவதை விட்டுவிட்டார். எதைக் கேட்டாலும் சடங்குப் பொருள் என்று சொல்லிவிடுவார். சடங்கை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

பிறகு சங்கத்தில் சேர்ந்தார். மாதம் ஒரு முறை ஊர்ப் பொது மண்டபத்தில் கூட்டம். தேநீர், பிஸ்கட், மேசையில் அவரவர் கண்டெடுத்தவை. அங்கே ஒரு மூத்தவர் உண்டு. எந்தச் சங்கத்திலும் உண்டு. தொப்பி நிறைய வில்லைகள், வாயில் நிறையச் சொற்கள் இல்லை. அவர் கொண்டுவந்த வெள்ளிக் காசைப் பார்த்து வியந்து, எங்கே கிடைத்தது என்று கேட்டால், "ஒரு வயலில்" என்பார். துரை தன் பையைக் கவிழ்த்தார். மூத்தவர் விரலால் தள்ளிக்கொண்டே வந்தார்.

"டிராக்டர். இதுவும் டிராக்டர்." ஒரு துண்டை மட்டும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது பழசு."

துரைக்கு மூச்சு நின்றது.

"பழைய டிராக்டர்."

மெக்கன்ஸி குரூக் எழுதி இயக்கி 2014இல் பிபிசியில் வந்த 'டிடெக்டரிஸ்ட்ஸ்' என்ற தொடர் இவர்களைப் பற்றியதுதான். துரைசாணி அதை நகைச்சுவைத் தொடராகப் பார்த்துச் சிரிக்கிறார். துரை பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்.

இதற்கிடையில் சட்டமும் படித்தார். நம் ஊர்க் கதைகளில் புதையலைப் பூதம் காக்கும். இங்கிலாந்தில் அந்த உத்தியோகம் கரோனருக்கு. சந்தேக மரணத்தை விசாரிக்கும் அதே அதிகாரிதான். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ உள்ள பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் அவரிடம் சொல்ல வேண்டும். செத்தவர் எப்படிச் செத்தார் என்று முற்பகல் விசாரித்தவர், கிடைத்தது புதையல்தானா என்று பிற்பகல் விசாரிப்பார். ஒற்றைக் காசு பொதுவாகப் புதையலில் சேராது; ஒரே இடத்தில் பழைய வெள்ளிக் காசு இரண்டு கிடைத்தால் சேரும். மியூசியம் வேண்டுமென்றால், மதிப்பிட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளும். துரைக்கு அத்தனை பிரிவும் மனப்பாடம். புதையல் ஒன்றுதான் பாக்கி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்புகிற பிரிவையும் அவர் விடவில்லை. உலகப் போரில் வெடிக்காமல் போன குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அப்படி ஒன்று தலைகாட்டினால் தொடாமல் விலகிப் போய்ப் போலீசைக் கூப்பிட வேண்டும். அதனால் சத்தம் பெரிதாகக் கேட்டால் துரைக்கு ஆசை பாதி, அடிவயிற்றில் கலக்கம் பாதி.

கடைசியில் ஒரு காசும் கிடைத்தது. மூன்றாம் ஜார்ஜின் செப்பு அரைப் பென்னி. அமெரிக்காவையே தொலைத்த ராஜா அரைப் பென்னியைத் தொலைத்ததில் வியப்பில்லை. துரை அதைப் பஞ்சில் பொதிந்து, கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் அலுவலரிடம் எடுத்துப் போனார். 1997இல் தொடங்கிய அந்தப் பதிவுத் திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றோடு இதுவும் சேரட்டும் என்பது அவர் ஆசை. அலுவலர் லென்ஸை வைத்துப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்ல காசு. ஆனால் நாங்கள் பொதுவாக 1700க்கு முந்தியதைத்தான் பதிவு செய்வோம்."

துரை வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தார். குறை எங்கே? கருவியில்தான். ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்துப் புதிது ஒன்று வாங்கினார். அது உண்மையிலேயே நுட்பமான கருவி. பழைய கருவிக்கு எட்டாத ஆழத்தில் கிடந்த டின் வளையங்களையும் விடாமல் காட்டிக்கொடுத்தது.

இப்போது அவர் பையில் பெரிய அறை குப்பைக்கு, சின்னது புதையலுக்கு. "நான் புதையலுக்காக வருவதில்லை, வரலாற்றுக்காக வருகிறேன்" என்று வழியில் பார்ப்பவர்களிடம் சொல்லவும் பழகிவிட்டார். அந்த வாக்கியம் பாதியில் இருக்கும்போது ஹெட்போனில் பீப் கேட்டால், வரலாறு அந்தரத்தில் நிற்கும். துரை தரையில் இருப்பார்.

ஆனால் வாக்கு மீறாதவர். விதைப்புக்கு முன்பு, ஒப்பந்தப்படி கணக்கு ஒப்புவிக்க விவசாயியிடம் போனார். அரைப் பென்னியைப் பாதியாக்க முடியாததால் அப்படியே நீட்டினார். விவசாயி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த வாளிகளைப் பார்த்தார். ஆணி, கம்பித் துண்டு, கலப்பை முனை, தகரம்.

"இவ்வளவும் அந்த வயலிலா?"

"அந்த வயலில்தான்" என்றார் துரை, குரல் கம்மி.

"அதுதான் பார்த்தேன். வருஷா வருஷம் டிராக்டர் டயர் பஞ்சராகும். இந்தத் தடவை ஒன்றுகூட இல்லை." விவசாயி முதன்முறையாகத் துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆற்றோரம் இன்னும் இரண்டு வயல் இருக்கிறது. அதையும் பார்த்துவிடுங்களேன்."

துரையின் முகம் மலர்ந்தது. "அங்கே ரோமானியர்கள் இருந்திருக்கிறார்களா?"

விவசாயி ஆற்றுப் பக்கம் பார்த்துச் சற்று யோசித்தார்.

"இருந்தார்கள், இருந்தார்கள். போகும்போது ஏகப்பட்ட முள்கம்பியை விட்டுவிட்டுப் போனார்கள்."