குளிர் வெளியேதான் இருக்கிறது

ஊரிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி, "சாப்ட்டியா?" இரண்டாவது, "அங்க இப்ப எத்தனை டிகிரி?" மைனஸ் இருபத்தைந்து என்றதும் மறுமுனையில் அத்தை "முருகா!" என்பார். அந்த நேரத்தில் நான் கைவைத்த பனியனும் லுங்கியுமாக சோபாவில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பேன். அதை அவரிடம் சொல்வதில்லை. வருகிற அனுதாபத்தை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

நான் இருப்பது பின்லாந்தில், ஹெல்சின்கிக்கு வடக்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, ஔலு என்ற ஊரில். இங்கே குளிர் என்பது வாசலுக்கு வெளியே உள்ள சமாசாரம். சன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. ஊருக்கெல்லாம் பொதுவாகச் சூடாக்கிய தண்ணீர் நிலத்தடிக் குழாயில் வந்து வீட்டைக் கதகதப்பாக்குகிறது. உள்ளே எப்போதும் 21 டிகிரி. பல் கிட்டிப்போகும் அளவுக்கு நான் நடுங்கியது ஊட்டி லாட்ஜில்தான்.

இங்கே உள்ள கஷ்டம் உடுப்பது. பால் வாங்கக் கிளம்புவோம். உடம்போடு ஒட்டும் உள்ளாடை, அதன்மேல் சட்டை, அதன்மேல் கம்பளி, கடைசியில் மெத்தையை வெட்டித் தைத்த மாதிரி ஒரு கோட்டு. கோட்டைப் போட்டபிறகு குனிய முடியாது. பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தே ஆகவேண்டும். நிமிரும்போது முதுகில் வேர்வை ஓடும். கையுறை மாட்டி முடித்ததும் போன் அடிக்கும், உள்ளே, மூன்றாவது அடுக்கில்.

கடை ஐந்து நிமிட நடைதான். உள்ளே நுழைந்தவுடன் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். பால் என்று கையில் சிக்குவது பெரும்பாலும் பீமா, அதாவது இந்த ஊர் மோர். பரவாயில்லை. உப்பும் பெருங்காயமும் போட்டால் நம்மூர் மோரிடம் அது தோற்காது.

டிசம்பரில் சூரியன் காலை பத்தரைக்கு வந்து, பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் போய்விடும். நடுவில் ஒரு மீட்டிங் வைத்துவிட்டால் அன்றைக்குச் சூரிய தரிசனம் கிடையாது. இருட்டில் நடப்பவர்கள் ஒளியைப் பிரதிபலிக்கும் வில்லை அணிவது இங்கே வழக்கம். என் கோட்டில் தொங்குவது ஆந்தை.

இனி சவுனா, அதாவது சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி வேர்க்க விறுவிறுக்க உட்காரும் அறை. சுமார் 55 லட்சம் மக்களுக்கு முப்பது லட்சம் சவுனாக்கள் இருக்கலாம் என்பது இங்குள்ளவர்களின் கணக்கு. 2020இல் யுனெஸ்கோவும் பின்லாந்தின் சவுனாப் பழக்கத்தைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. லிஃப்டில் என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், எண்பது டிகிரிச் சூட்டில் பிறந்தமேனியாக உட்கார்ந்து தன் விவாகரத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். எனக்குத்தான் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கல்லில் தண்ணீர் ஊற்றும் வேலையை வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் சவுனாவின் முழுப்பயன் பின்லாந்துக்காரர்களுக்கு இன்னும் தெரியாது. 21 டிகிரியில் இட்லி மாவு லேசில் புளிக்காது. இரண்டு நாளானாலும் வைத்த மாவு வைத்தபடி முறைத்துக்கொண்டிருக்கும். ஹீட்டர் மேல் வைத்தால் ஒரு பக்கம் காய்ந்து ஏடு கட்டும். என் வீட்டுக் குளியலறையை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு சின்னச் சவுனா உண்டு. சனிக்கிழமை மாலை குளித்து முடித்து அடுப்பை அணைத்து, சூடு நம் சித்திரை வெயில் அளவுக்கு இறங்கும்வரை கதவைத் திறந்துவைக்க வேண்டும். பிறகு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். உட்காரும் மேல்பலகை ஆகாது, அங்கே சூடு அதிகம், பொங்கி வழியும், கீழ்ப்பலகைதான் சரி. ஞாயிறு காலை கதவைத் திறந்தால் மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தப் புளித்த வாசனைக்கு முன்னால் மைனஸ் முப்பது எம்மாத்திரம்! பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு தோசை கொடுத்தேன். "நல்லா இருக்கு" என்றார். இந்த ஊரில் அது நீண்ட பாராட்டுரை.

இந்தப் பக்கம் வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் ஊரில் வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள், அவை இந்தக் குளிருக்குக் காணாது. அந்த இடத்தில் கட்டிப் பெருங்காயம் வையுங்கள். வருவது சனிக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது.